அவளுக்குக் காட்டியது

பாப்பாவின் அப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். பாப்பா இப்போது அழாமல் ஸ்கூல் வேனில் ஏறுகிறாள்.

நேற்று நர்சம்மாவோடு திருவரங்குளம் போயிருந்தேன். மார்பில் கட்டி இருந்தால் மறைக்காதீர்கள் என்று, பிழைத்து வந்த நானே பெண்களிடம் போய்ப் பேசுகிறேன். அங்கே கௌசல்யா என்று ஒரு கைக்குழந்தைக்காரி. பாப்பா பால் குடித்தபோது எனக்கு வந்ததே, அதுபோலவே அவளுக்கும் ஒரு கட்டி. ஆஸ்பத்திரிக்கு வர மாட்டேன் என்றாள்.

"மாரை எடுத்துட்டா அவுக மொகத்துல எப்புடிக்கா முழிப்பேன்?"

என்ன சொல்லியும் கேட்கவில்லை. கடைசியில் அவளை உள்ளே கூட்டிப்போய், ரவிக்கையைக் கழற்றி என் தழும்பைக் காட்டினேன். மெல்லத் தொட்டுப் பார்த்தாள்.

"இம்புட்டுத்தானாக்கா?"

"இம்புட்டுத்தாம்மா."

திங்கட்கிழமை வருவதாகச் சொல்லிவிட்டாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்கு அழுகை வந்துவிட்டது. முன்பின் தெரியாத கௌசல்யா என் தழும்பைப் பார்த்துவிட்டாள். ஆபரேஷனுக்குப் பிறகு குவைத்திலிருந்து லீவில் வந்த நீங்கள் பார்க்கவில்லை. தினமும் பாப்பாவை நடுவில் போட்டுக்கொண்டு படுத்தேன். "நான் என்ன வேத்தாளா?" என்று ஒருநாள் கேட்டீர்கள். நான் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன். அதன்பின் நீங்கள் கேட்கவில்லை. இரண்டு கிறிஸ்துமஸுக்கு ஊருக்கு வரவும் இல்லை.

உங்களைக் குறை சொல்லவில்லை. போனில் இதைச் சொல்ல வாய் வராமல்தான் எழுதுகிறேன். இந்தக் கிறிஸ்துமஸுக்கு லீவு கேட்டுப் பாருங்கள். கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை, கேட்டேன் என்று மட்டுமாவது சொல்லுங்கள்.

உங்களை எதிர்பார்த்திருக்கும்,
பாப்பாவின் அம்மா