அம்மா விரலில் மாட்டிய கிளிப்

மார்ச் 4, செவ்வாய்

சித்தி தூங்கிவிட்டாள். போர்வைக்குள் டார்ச் அடித்து எழுதுகிறேன்.

இன்றுதான் என்னை ஐ.சி.யு.வுக்குள் விட்டார்கள். நிமோனியா முற்றி, வாயில் குழாய் போட்டு, அம்மாவை மயக்கத்திலேயே வைத்திருக்கிறார்கள். நான் கையைப் பிடித்தேன், அவ்வளவுதான். தலைமாட்டில் இருந்த மெஷின் கத்த ஆரம்பித்தது. சிவப்பு விளக்கு. நர்ஸ் ஓடி வந்தார். "கொஞ்சம் வெளிய இரும்மா."

நான் என்ன செய்துவிட்டேன்?

மார்ச் 5

அம்மாவுக்குக் காய்ச்சல் ஏறிவிட்டதாம். என்னால்தான்.

மார்ச் 7

போகவில்லை. தலைவலி என்றேன். "பெத்தவ அங்க கெடக்குறா, இவளுக்குத் தலைவலியாம்!" சித்தி பாத்திரத்தை நங்கென்று வைத்தாள். அப்பா சட்டையைத் தையல் வெளியே தெரிய மாட்டிக்கொண்டு கிளம்பினார். நான் அதையும் சொல்லவில்லை.

நான் தொட்டா அம்மாவுக்கு ஏதாவது ஆயிடும். இத எப்பிடிச் சொல்றது? யார்கிட்ட?

மார்ச் 9

அப்பா இழுக்காத குறையாகக் கூட்டிப்போனார். வராந்தா நாற்காலியை விட்டு நான் எழுந்திருக்கவில்லை. அதே நர்ஸ் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அம்மாகிட்ட ஏதாவது பேசலாம்ல? கேட்டாலும் கேக்கும்."

அழுதுவிட்டேன். "நான் தொட்டாதான் சிஸ்டர் கத்துது."

நர்ஸ் என் கையைப் பிடித்து எழுப்பினார். உள்ளே காலியாக இருந்த ஒரு கட்டிலுக்குக் கூட்டிப்போனார். துணிக்கு மாட்டும் கிளிப் மாதிரி ஒன்று, மெஷினிலிருந்து ஒயரில் தொங்கியது. என் விரலில் மாட்டினார். திரையில் என் நாடித் துடிப்பு எண்ணாக வந்தது.

"இப்ப உருவு."

உருவினேன். அதே கத்தல்!

"என்ன, உசுரோடதான இருக்க?" சிரித்தார். "அன்னிக்கு நீ கையப் புடிச்சதுல அம்மா விரல்ல இருந்த கிளிப் நழுவிடுச்சு. இதுக்கெல்லாம் ஒப்பாரி வைக்கும் இது."

"அப்ப காய்ச்சல்?"

"அது கிருமி. நீ இல்ல. அன்னிக்கே உன்கிட்ட சொல்லியிருக்கணும், எனக்குத் தோணல. இனிமே கிளிப் இல்லாத கையப் புடிச்சுக்க."

மார்ச் 10

பிடித்துக்கொண்டேன். கணக்கில் வாங்கிய மார்க்கைச் சொன்னேன். அம்மா திட்டவில்லை. திட்டினால் தேவலை.

மார்ச் 13

காலையிலிருந்து மயக்க மருந்தைக் குறைக்கிறார்கள். அம்மா எழுந்திருக்காவிட்டால்?

சாயங்காலம் நானும் சித்தியும் கால்மாட்டில் நின்றோம். மெஷின் கத்தியது. சித்தி "ஐயோ" என்று என் தோளைப் பிடித்தாள். நான் ஓடவில்லை, பார்த்தேன். கிளிப் மெத்தைமேல் கிடந்தது. அம்மா விரல் விரிப்பைச் சுரண்டிக்கொண்டிருந்தது.

"சிஸ்டர், நாங்க தொடல! அம்மாவே தள்ளிவிட்டுட்டாங்க!"

இந்தத் தடவை நர்ஸ் ஓடி வரவில்லை. சிரித்துக்கொண்டே நடந்து வந்தார்.