சலூன்கடைச் சதுரங்கம்

மார்ச் 3

அன்புள்ள மனைவிக்கு,

நலம். உன் அக்கா வீட்டில் எல்லோரும் நலம்தானே? நீ கோபித்துக்கொண்டு போனதில் நான் இளைத்துவிட்டதாக யாராவது சொன்னால் நம்பாதே.

சலூனில் ஒரே கூட்டம். முடிவெட்ட அல்ல. செஸ் சாம்பியனும் கம்ப்யூட்டரும் வாரம் ஒரு ஆட்டம் ஆடுகிறார்களே, அதை நம் டிவியில் பார்க்க. பாதிச் சவரத்தில் எழுந்து நின்று கத்துகிறார்கள். ஆட்டம் ஒருவருக்கும் தெரியாது. "யாருண்ணே ஜெயிக்கிறது?" என்று என்னைக் கேட்டார்கள். "நம்ம மனுஷன்தான்" என்றேன். மறுநாள் பேப்பரில் மிஷின் ஜெயித்ததாகப் போட்டிருந்தது. மானம் போயிற்று.

உன் கணவன்

மார்ச் 9

அன்புள்ள உங்களுக்கு,

இளைத்ததாக யாரும் சொல்லவில்லை. தொப்பை பத்திரமாக இருப்பதாக அக்கா வீட்டுக்காரர் பார்த்துவிட்டு வந்து சொன்னார்.

கடையில் அத்தனை பேர் முன்னால் "உனக்கு ஒண்ணும் தெரியாது, உள்ள போ" என்றீர்கள். நான் கிளம்பி வந்தது அதனால்தான். இங்கே அக்கா மகள் எனக்கு செஸ் கற்றுக்கொடுத்துவிட்டாள். சாம்பியன் ஏன் தோற்றார் தெரியுமா? சும்மா கிடைத்த சிப்பாய்க்கு ஆசைப்பட்டுக் குதிரையைத் தூரமாக அனுப்பினார். ராஜாவுக்குக் காவல் இல்லாமல் போயிற்று.

இப்படிக்கு,
ஒன்றும் தெரியாதவள்

மார்ச் 14

அன்புள்ள மனைவிக்கு,

நீ எழுதியதை நானே கண்டுபிடித்த மாதிரி கடையில் சொல்லிப் பார்த்தேன். பக்கத்துக் கடைத் தையல்காரர் என் கையிலிருந்த கடிதத்தைப் பிடுங்கி, "இது அண்ணி கையெழுத்தாச்சே!" என்றுவிட்டார். அதிலிருந்து என்னை யாரும் மதிப்பதில்லை. தபால்காரர் தலை தெரிந்தால் போதும், உன் கடிதம் வந்திருக்கிறதா என்று கேட்க முகத்து நுரையோடு ஓடுகிறார்கள். நீ நேரில் வந்து ஆட்டத்தை விளக்கினால் நல்லது என்று எல்லோரும் சொல்கிறார்கள்.

உன் கணவன்

மார்ச் 19

அன்புள்ள உங்களுக்கு,

எல்லோரும் சொல்கிறார்கள், சரி. நீங்கள்?

ராஜாவைக் கோட்டைக்குள் ஒளிப்பது எப்படி என்று பின்பக்கம் படம் போட்டிருக்கிறேன். தையல்காரரிடம் கொடுங்கள். நீங்கள் தலைகீழாகப் பிடிப்பீர்கள்.

இப்படிக்கு,
கடையில் எல்லோருக்கும் அண்ணி

மார்ச் 26

அன்புள்ள மனைவிக்கு,

போட்டி முடிந்தது. மிஷின்தான் ஜெயித்தது. கூட்டம் ஒரு நாள் துக்கம் காத்துவிட்டுக் கிரிக்கெட்டுக்குப் போய்விட்டது. தபால்காரரைப் பார்த்து யாரும் ஓடுவதில்லை. நேற்று பேங்க் மேனேஜரைப் பாதிச் சவரத்தில் விட்டுவிட்டு ஓடியவன் நான்தான். தபால்காரர் கரண்ட் பில்லைக் கையில் கொடுத்தார்.

திரும்பி வந்து, கடையில் இருந்தவர்கள் முன்னால், "எனக்குத்தான் ஒண்ணும் தெரியலை. அவளைப் போய் அப்படிச் சொல்லிட்டேன்" என்றேன். "அது எங்களுக்கு எப்பவோ தெரியும்ணே" என்றார்கள்.

இப்போது யாரும் கேட்கச் சொல்லவில்லை. நான்தான் கேட்கிறேன். வந்துவிடு. கொஞ்சம் இளைத்தும்தான் இருக்கிறேன்.

உன் கணவன்

மார்ச் 30

அன்புள்ள உங்களுக்கு,

ஞாயிறு காலை பஸ்ஸில் வருகிறேன். பெட்டி கனம், பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிடுங்கள். யாரையும் பாதிச் சவரத்தில் விட்டுவிட்டு வராதீர்கள்.

உங்கள் மனைவி