ஜானவாசக் கார் நின்ற சாயங்காலம்

அத்திம்பேர்,

இன்று காலை கமலியின் கூறைப்புடவையைப் பெட்ரோலில் அலசிக் கொடுத்தேன். எங்கேயோ சீமந்தத்துக்குக் கட்டிக்கொண்டு போய் முந்தானையெல்லாம் நெய்யாக்கிக்கொண்டு வந்திருந்தாள். பித்தளைப் பேசினில் பெட்ரோலை ஊற்றியதும் அந்த வாசனை கூடம் முழுக்கப் பரவிவிட்டது. அக்கா அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாள். ஞாயிற்றுக்கிழமைதோறும் காரைப் பிரித்துப் பூட்டும்போது உங்கள் சட்டையில் இருந்த வாசனை அல்லவா. நீங்கள் போனபின் இந்த வீட்டில் யாரும் பெட்ரோலைத் தொட்டதில்லை.

புடவையை நிழலில் உலர்த்திவிட்டு உட்கார்ந்தேன். உங்களிடம் பேசவேண்டும் போல இருந்தது. நான் வாயைத் திறந்ததும் "நம்மாத்து ரேடியோ ஆரம்பிச்சுடுத்து" என்று சொல்ல நீங்கள் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

அந்தக் காரை நீங்கள் வாங்கிக்கொண்டு வந்த நாளில் நாங்கள் எல்லாரும் சிரித்தோம். கப்பல் கம்பெனித் துரை ஒருவன் ஊருக்குப் போகும்போது விட்டுவிட்டுப் போன வண்டி. நம் மாட்டுங்காவில் அதைத் தள்ளாத ஆண்பிள்ளையே கிடையாது. நீங்கள் மட்டும் அதைக் கோபித்து நான் பார்த்ததில்லை. அது நிற்கும்போதெல்லாம் ஒரே பேச்சுதான். "நெருப்பு வரல்லியா, பெட்ரோல் வரல்லியா? ரெண்டுல ஒண்ணுதான். மூணாவதா ஒண்ணும் கிடையாது." நான் பக்கத்தில் நின்று திருப்புளியை எடுத்துக் கொடுப்பேன். கேட்டுக் கேட்டு எனக்கே பாடமாகிவிட்டது. ஆனாலும் மூன்றாவதாக ஒன்று உண்டு, அது பகவான் சித்தம் என்று நான் விடாமல் சொல்லிக்கொண்டிருப்பேன்.

கமலிக்கு மூல நட்சத்திரம். என் பெண்ணுக்கு வந்த ஜாதகமெல்லாம் அந்த ஒரு வார்த்தையில் திரும்பிப் போயிற்று. கடைசியில் செம்பூர் வரனை நீங்கள்தான் நடையாய் நடந்து முடித்தீர்கள். மாப்பிள்ளையின் அப்பா சாது. ஆனால் தன்னோடு இருந்து வீட்டை ஆளும் தமக்கை சொல்லைத் தாண்ட மாட்டார். அந்த மாமிக்கோ மூலம் என்றால் தொண்டையில் முள். யுத்தம் முடிந்த சமயம், பெட்ரோலுக்குக் கூப்பன் இருந்தது. நீங்கள் கூப்பனைச் சேர்த்துவைத்து, கல்யாணத்துக்கு முதல் நாள் காலையில் டாங்க் நிறையப் போட்டுவைத்தீர்கள். மேல்மறைப்பை மடக்கினால் அந்த வண்டி ஜானவாச ஊர்வலத்துக்கென்றே செய்தது போல இருக்கும்.

சாயங்காலம் நீங்களும் நானும் செம்பூருக்குப் போய் மாப்பிள்ளையையும் அவர் அப்பாவையும் மாமியையும் அழைத்து வந்தோம். புறப்படுமுன் மாமியே ஒரு கிண்ணம் சந்தனத்தை எடுத்து வந்து வண்டிக்கு இட்டாள். சுற்றிச் சுற்றி வந்து இட்டாள். மாட்டுங்கா கோயில் வாசலில் தீபாராதனை ஆகும்வரை நீங்கள் எஞ்சினை அணைக்கக்கூட இல்லை. அணைத்தால் மறுபடி கிளப்புவது பெரும்பாடு என்று உங்களுக்குத் தெரியும். மாப்பிள்ளை மாலையும் கழுத்துமாக மேலே உட்கார, நாதஸ்வரம் முன்னால் போக, ஊர்வலம் நகர்ந்தது.

பாதித் தெருவில் வண்டி இரண்டு தரம் இருமியது, நின்றுவிட்டது.

நாதஸ்வரக்காரர் கவனிக்காமல் தோடியை வாசித்துக்கொண்டே டிராம் ரோடு வரைக்கும் போய்விட்டு, பின்னால் ஒருவரும் இல்லை என்று திரும்பி வந்தார். தெருவில் போன இரண்டு பேர், "காடி பந்த்? தக்கா மாரோ!" என்று இந்தியில் கூவிக்கொண்டு, நாங்கள் கேளாமலே வந்து தள்ளினார்கள். வண்டி உயிர் பெற்று நாலு வீடு தள்ளிப் போயிற்று. மறுபடி நின்றது. அப்புறம் யார் தள்ளியும் அசைந்து கொடுத்ததே ஒழிய உறுமவில்லை.

மாமி நடந்து முன்னால் வந்தாள்.

"மாப்பிள்ளை உக்காந்த வண்டி நட்ட நடுத் தெருவுல நிக்கறது. ஒரு தரம் இல்லே, ரெண்டு தரம். மூலம் மூலம்னு அன்னிக்கே அடிச்சுண்டேன். யார் காதுல விழுந்தது?"

"அக்கா, பழைய வண்டி…" என்று மாப்பிள்ளையின் அப்பா இழுத்தார்.

"செம்பூர்லேர்ந்து சமத்தா வந்த வண்டிதானேடா? இங்க வந்ததும் ஏன் நிக்கணும்? இன்னிக்கு நிச்சயதார்த்தம் வேண்டாம். டாக்ஸியைக் கூப்பிடு, ஆத்துக்குப் போவோம். ஜோசியரைக் கேட்டுண்டு அப்பறம் பேசிக்கலாம்."

என் ஆத்துக்காரர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். வேறு யார் வீட்டுக் கல்யாணமாக இருந்தால் அபசகுனம் என்று நானே முதலில் சொல்லியிருப்பேன். அங்கே வீட்டில் கமலி தலை பின்னிக்கொண்டு காத்திருந்தாள்.

நீங்கள் பட்டு வேஷ்டியைத் தூக்கிச் செருகிக்கொண்டீர்கள். "மாமி, கொஞ்சம் பொறுத்துக்கோங்கோ. வண்டி என்ன சொல்றதுன்னு கேட்டுண்டு வந்துடறேன்."

தவில்காரரைக் கூப்பிட்டு, "உம்ம தோள் எதுக்கு இருக்கு? ஹாண்டிலைச் சுத்தும்" என்றீர்கள். அவர் சுற்ற, நீங்கள் ப்ளக்கிலிருந்து ஒயரைப் பிடுங்கி இரும்புக்குப் பக்கத்தில் காட்டினீர்கள். பளிச்சென்று நீலமாய் ஒரு பொறி. "நெருப்பு இருக்கு" என்றீர்கள், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி. அப்புறம் கார்புரேட்டருக்கு வரும் குழாயைக் கழற்றிப் பார்த்தீர்கள். ஒரு சொட்டு வரவில்லை.

"பெட்ரோல் போடவே இல்லையோ என்னவோ!" என்றாள் மாமி. "பொண்ணாத்துக்காரா சிக்கனம்!"

நீங்கள் வண்டியின் பின்பக்கம் போனீர்கள். நான் விளக்கை எடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்தேன். டாங்கின் மூடியைத் திருகினீர்கள். உஸ்ஸென்று ஒரு சத்தம், உள்ளே யாரோ மூச்சை இழுத்தாற்போல. எட்டிப் பார்த்தால் டாங்க் நிறையப் பெட்ரோல்.

மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தீர்கள். அதன் நடுவில் ஊசி முனை அளவுக்கு ஒரு ஓட்டை இருக்கும், அது வழியாகக் காற்று உள்ளே போனால்தான் பெட்ரோல் இந்தப் பக்கம் இறங்கும் என்று எனக்கு முன்பே சொல்லியிருக்கிறீர்கள். அன்றைக்கு அந்த ஓட்டையைக் காணோம். மூடி வட்டமாக, முகம் மாதிரி இருந்ததோ இல்லையோ, மாமி அதன்மேல் கை நிறையச் சந்தனத்தை அப்பி, நடுவில் பெரிதாகக் குங்குமமும் வைத்திருந்தாள். காற்றில் காய்ந்து சுண்ணாம்பாய் இறுகிக் கிடந்தது. வண்டி மூச்சு முட்டி நின்றிருக்கிறது, அவ்வளவுதான்.

எனக்கு வந்த சந்தோஷத்தில் "மாமி!" என்று கூவ வாயைத் திறந்துவிட்டேன்.

"விசாலம், மூச்" என்றீர்கள். அந்த மாதிரிக் குரலில் நீங்கள் என்னிடம் பேசியதே கிடையாது. "வளையல்ல ஊக்கு இருக்கா? குடு."

ஊக்கால் ஓட்டையைக் குத்தி, அங்கவஸ்திர நுனியால் துடைத்து, மூடியைத் திருகினீர்கள். முன்னால் போய்க் குழாயை மாட்டினீர்கள், தவில்காரரை ஹாண்டிலோடு நிறுத்தினீர்கள். அப்புறம் கையைக்கூடத் துடைக்காமல் மாமி முன்னால் போய் நின்றீர்கள்.

"மாமி, எனக்குத் தெரிஞ்சதெல்லாம் பாத்துட்டேன். பெரியவா நீங்க. பிள்ளையாரை வேண்டிண்டு உங்க கையால ஒரு தேங்காயை விடலை போடுங்கோ. அதுக்கும் எடுக்கல்லேன்னா நானே டாக்ஸி கொண்டு வரேன்."

மாமி கொஞ்சம் யோசித்தாள். பிறகு தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, கண்ணை மூடி, தேங்காயை ஓங்கித் தெருவில் அடித்தாள். நீங்கள் கண்ணைக் காட்ட, தவில்காரர் சுற்றினார். வண்டி உறுமிய உறுமலில் டிராமுக்குக் காத்திருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

"இப்போ என்னங்கறே?" என்று மாமி தம்பியை அதட்டினாள். "தடை விலகிடுத்து. நாதஸ்வரத்தை வாசிக்கச் சொல்லு!"

நிச்சயதார்த்தம் முடிந்து, எல்லாரும் சாப்பிட்டு எழுந்த பிறகு உங்களைக் கொல்லைக் குழாயடியில் பிடித்துக்கொண்டேன். "பிள்ளையார் பேரைச் சொல்லி இப்படிப் பண்ணலாமா அத்திம்பேர்? சந்தனம்தான் காரணம்னு நாலு பேர் நடுவுல சொல்லியிருந்தா மூலம்னு பேசின வாய் மூடியிருக்குமே?"

"மூடியிருக்கும். நாளைக்கு அந்த ஆத்துல போய் இருக்கப்போறது நீயா, கமலியா?" என்றீர்கள், நகத்தில் இருந்த சந்தனத்தைச் சுரண்டிக்கொண்டே. "தப்பு எங்கேன்னு தெரிஞ்சா வண்டி ஓடும். அது போறும்."

பொய்யா, பிள்ளையாருக்கும் அதில் பங்கு உண்டா என்று நான் பல நாள் யோசித்திருக்கிறேன். பூஜை வேளையில்கூட யோசித்ததுண்டு. இப்போது விட்டுவிட்டேன். கமலிக்கு மாமிதான் அங்கே எல்லாம். "தடையை நான் உடைச்சு அழைச்சுண்டு வந்த பொண்ணு" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொள்கிறாள். மூலம் என்ற வார்த்தை அந்த வீட்டில் அப்புறம் எழவில்லை. உங்கள் காரியத்துக்கு மாமி வந்து, கூடப் பிறந்தவள் மாதிரி அக்கா பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள்.

போன வாரம் செம்பூரில் சுமங்கலிப் பிரார்த்தனை. சாப்பாடானதும் மாமி மறுபடி அந்தக் கதையை எடுத்தாள். கார் நின்றது, தெருவே கூடியது, தான் கண்ணை மூடிப் பிள்ளையாரை நினைத்தது எல்லாம் வந்தது. கமலி வாயைப் பொத்திச் சிரித்தாள், அவள் கேட்டு அலுத்த கதை. மாமி என் பக்கம் திரும்பினாள்.

"நீ பக்கத்துலயே நின்னியே விசாலம், நீ சொல்லேன்!"

கூடத்தில் இருந்தவர்கள் எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். என்னைப் பற்றித்தான் உங்களுக்குத் தெரியுமே, பேசச் சொல்லிக் கேட்டால் நான் நிறுத்துகிறவளா!

"ஆமாம் மாமி," என்றேன். "நீங்க தேங்காயைப் போட்டேள், வண்டி எடுத்துது. என் கண்ணால பாத்தேன்."

இதில் ஒரு வார்த்தை பொய் இல்லை, அத்திம்பேர். மீதியைக் கமலியிடம்கூட நான் சொல்லவில்லை.

விசாலம்