தோப்பைப் புகழ்ந்த துரை

என் கண்ணின் ஒளியே,

பேரீச்சங்குலைகளைப் பழுக்க விடாதே. இப்போதே வெட்டச் சொல். ஏனென்று கேட்காதே.

சரி, கேள். எண்ணெய்க் கம்பெனிக்குப் பங்கு விற்கும் ஆங்கிலேயத் துரை, புஷேர் துறைமுகத்து வியாபாரிகள் நடுவில் நம் தோப்பைப் புகழ்ந்தார், அங்கே தரையில் எண்ணெய் கசிகிறதாம். நம் வழக்கப்படி நானும் மரியாதைக்கு, "அது உங்களுதுதான் துரை, எடுத்துக்குங்க" என்றேன். விருந்தாளி மறுக்க வேண்டாமா? "ரொம்ப சந்தோஷம்!" என்று கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டார்.

"நெலமே கெடச்சாச்சு, இன்னும் என்னய்யா யோசனை?" என்று கம்பள வியாபாரி ஹாஜி நஸ்ருல்லா முதல் பங்கை வாங்கினார். மற்றவர்களும் முண்டியடித்தார்கள். அத்தனை பேர் முன்னால் சொன்ன சொல்லை எப்படி விழுங்குவேன்?

அந்தத் தோப்பு, நம் நிக்காஹ்வில் மணக்கொடையாக உனக்கு நான் எழுதிக்கொடுத்த மஹர். மறக்கவில்லை.

வெள்ளிக்கிழமை துரை அங்கே வருகிறார். நம் வீட்டைப் புகழ்ந்தால், நீயாவது வாயைத் திறக்காதே.

உன் முகத்தில் விழிக்கத் தயங்கும்,
கணவன்