நிற்காத பால்

மேனகாவுக்குச் சுகப்பிரசவம்தான்; குழந்தைதான் ஒரு வாரம்கூடத் தங்கவில்லை. ஆனால் பால் சுரப்பது நிற்கவில்லை. தாயை இழந்த ஒரு பச்சைக்குழந்தைக்குப் பால் கேட்டு, அவளுக்குப் பிரசவம் பார்த்த சேலத்து ஆஸ்பத்திரி நர்ஸ் போன் செய்தாள். "நம்ம புள்ளைக்கு இல்லாத பாலு ஊருக்கெதுக்கு?" என்று கத்திவிட்டுக் கணவன் பொன்னுவேல் காப்பித் தோட்டத்துக்குப் போய்விட்டான். மேனகா காலண்டர் தாளைக் கிழித்து எழுதினாள்:

"ஏனுங்க, நான் சேலம் போறனுங்க. சோறு குண்டான்ல இருக்குது, ரசத்தச் சூடு பண்ணிக்கோங்க. சாவி பக்கத்து ஊட்டுல. உங்க மேல கோவமில்லீங்க. நெஞ்சு கட்டி வலிக்கறப்பெல்லாம் ஊட்டுக்குப் பின்னால பொடக்காணிக்குப் போயி மண்ணுல பீச்சி உடறேன். ஒவ்வொரு வாட்டியும் பாப்பாவ மறுக்காப் பொதைக்கற மாதிரி இருக்குது. இனி என்னால முடியாதுங்க."

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. ஓரத்தில் நெருக்கி எழுதினாள்:

"தூளிய அவுத்துராதீங்க. நாந்தான் அவுக்கோணும்."

சாயங்காலம் பொன்னுவேல் அதைப் படித்தான். சோற்றைத் தொடாமல் ரோட்டுக்குப் போய் நின்றான். வெள்ளக்கடை ஸ்டாப்பில் கடைசி பஸ்ஸை விட்டு இறங்கியவளிடம் வேறெதுவும் கேட்கவில்லை.

"குடிச்சுதா?"

"குடிச்சுதுங்க" என்றவள், அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.