இன்னும் இரண்டு பாயிண்ட்

இறைவன் துணை

அன்பு மகளுக்கு அம்மா ஆசி கூறி எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருக்க வேண்டும் என்று தினமும் கும்பிடும்போது உங்கள் இருவர் பெயரையும் சேர்த்தே சொல்கிறேன். என் கால் வீக்கம் வடிந்துவிட்டது. மாடிப்படி மட்டும் இன்னும் சரிப்படவில்லை.

அப்பா போய் எட்டு மாதம் ஆகிறது. வீட்டு முன்னறையில் அவர் நடத்திய கடையைப் பூட்டியே வைக்க எனக்கு மனம் வரவில்லை. அதனால் கம்ப்யூட்டரில் பத்திரிகை, நோட்டீஸ் அடிக்கும் அவருடைய டி.டி.பி. வேலையை நான் கற்றுக்கொள்கிறேன். சிரிக்காதே. அவரிடம் பதினொரு வருடம் வேலை பார்த்த அக்காதான் மத்தியானம் இரண்டு மணி நேரம் வந்து சொல்லித் தருகிறாள். என்னைவிடப் பத்து வயது சின்னவள். தெருவே அவளை அக்கா என்று கூப்பிடுவதால் எனக்கும் அப்படியே வாயில் வருகிறது.

முதல் வாரம் ஒரு வரியை நடுவில் கொண்டுவர ஸ்பேஸ் பாரைத் தட்டிக்கொண்டே இருந்தேன். "அம்மா, அது கதவு இல்ல, தட்டிக்கிட்டே நிக்கிறதுக்கு. நடுவுல வைக்கத் தனியா ஒரு பட்டன் இருக்கு" என்றாள். நான் வீட்டுக் கணக்கு எழுதுவது போலவே இதற்கும் ஒரு நோட்டுப் போட்டுவிட்டேன். இடப்பக்கம் அழுத்தியது, வலப்பக்கம் நடந்தது. எந்த நாள் எந்த ஃபைலைத் திறந்தேன் என்பதும் அதில் இருக்கும். இப்போது பெட்டி போடுவேன், வரி இடைவெளி பார்ப்பேன், பார்டர் வைப்பேன். கூட்டுப் பிரார்த்தனைக்கு நோட்டீஸ் ஒன்று நானே செய்து கொடுத்தேன். ஒரு பிழையும் இல்லை என்றார்கள்.

அந்த நோட்டீஸைப் பற்றித்தான் எழுத வேண்டும். நாலு நாளாக எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன்.

அப்பாவின் பழைய கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. ரிப்பேர்காரர் ஃபைல்களை மட்டும் புதியதில் ஏற்றிக் கொடுத்துவிட்டு, பழைய டிஸ்க்கைக் கழித்துவிட்டார். அப்பா பயன்படுத்திய தமிழ் ஃபாண்டுகளை ஏற்றவில்லை. ஃபாண்ட் இல்லையென்றால் தமிழ் தமிழாகத் தெரியாது, ஆங்கில எழுத்தும் குறியுமாகக் கொட்டிக் கிடக்கும். இது எனக்கு அப்போது தெரியாது. அக்கா லீவு போட்ட ஒரு நாள், பழகிப் பார்க்க ஒரு ஃபைலைத் திறந்தேன். சுற்றிலும் அழகான பூ பார்டர், உள்ளே ஒரே கிறுக்கல். கெட்டுப்போன ஃபைல் என்று நினைத்து, எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் பிரார்த்தனை நோட்டீஸை அடித்து, அதே பெயரில் சேமித்தேன்.

போன வெள்ளிக்கிழமை மேஜையின் அடி இழுப்பறையைத் துடைத்தபோது பிழை பார்க்க அடித்தெடுத்த ஒரு புரூஃப் தாள் கிடைத்தது. அதே பூ பார்டர். உள்ளே உன் கல்யாணப் பத்திரிகை. அப்பா வழக்கப்படி மூலையில் ஃபைல் பெயரும் தேதியும் எழுதியிருந்தார். என் நோட்டை எடுத்து ஒத்துப் பார்த்தேன். நான் அழித்த ஃபைல்தான். அக்கா என்னென்னவோ செய்து பார்த்தாள், திரும்ப வரவில்லை.

அந்தத் தேதி, நீ வீட்டை விட்டுப் போன மூன்றாம் நாள். அந்த மூன்று நாளும் அவர் கடையை விட்டுச் சாப்பிடக்கூட உள்ளே வரவில்லை. கோபம் என்றுதான் நான் நினைத்தேன். மறுநாள் நீ பதிவுத் திருமணம் செய்துகொண்ட செய்தி வந்தது. அதன் பிறகு அவர் உன் பேச்சையே எடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை. அன்று நான் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் என்று இப்போது நினைத்து என்ன பிரயோஜனம்?

அவர் காரியத்துக்கு வந்தபோது இதே முன்னறையில் நின்று நீ சொன்னாய்: "அப்பா என்னை அழிச்சிட்டாரும்மா. அவருக்கு நான் மகளே இல்ல." ஒரு மணி நேரம்கூட இருக்காமல் கிளம்பிப் போனாய். அந்தச் சொல் என்னைத் தூங்கவிடுவதில்லை. மகளே, அழித்தது அவர் அல்ல. அது என் கைதான்.

அந்தத் தாளையே இதனுடன் வைத்திருக்கிறேன், நகல் அல்ல. அவர் சிவப்புப் பேனாவால் ஒரே ஒரு திருத்தம்தான் போட்டிருக்கிறார். உன் பெயரை வட்டமிட்டு, பக்கத்தில் "இன்னும் 2 பாயிண்ட் பெரிசு" என்று எழுதியிருக்கிறார். வாடிக்கையாளர் கெஞ்சினாலும் எழுத்தைப் பெரிதாக்க மாட்டாரே, பக்கம் கெட்டுவிடும் என்பாரே, அந்த மனிதர்.

ஃபாண்ட் இப்போது ஏற்றியாயிற்று. பார்த்துப் பார்த்து முழுவதையும் மறுபடி அடித்துவிட்டேன். உன் பெயரை அவர் சொன்னபடி பெரிதாக்கினேன். பக்கம் கெடவில்லை. இரண்டு இடத்தில் மட்டும் அவர் வெறும் புள்ளி வைத்துக் காலியாக விட்டிருக்கிறார். ஒன்று, நாள். இன்னொன்று, மாப்பிள்ளையின் அப்பா அம்மா பெயர். நாங்கள் கேட்டுத் தெரிந்துகொண்டதே இல்லையே.

அந்தப் பெயர்களைப் பிழையில்லாமல் எழுதி அனுப்பு. எந்த நாள் என்பதையும் நீங்களே சொல்லுங்கள். எழுத நேரமில்லையென்றால் நீங்கள் இருவரும் வந்து, நான் அடிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து சொன்னாலும் போதும். நான் மெதுவாகத்தான் அடிப்பேன். இரண்டு நாளாவது ஆகும்.

ஆண்டவன் உங்களைக் காக்கட்டும்.

இப்படிக்கு,
உன் பெயரை அழித்த கையாலேயே மறுபடி சரியாக அடித்த
அம்மா