பருந்துகளை முதலில் கண்டது நான்தான்

வியாழக்கிழமை, இஷா தொழுகைக்குப் பிறகு

விமானத் திடலில் பறவை விரட்டும் வேலைக்கு நான் வந்து ஒன்பது வருடம். ரிபாஸ் வந்து ஆறு மாதம்தான். ஆனாலும் பொறுப்பதிகாரி எதையும் அவனிடமே கேட்கிறார்.

இன்று ஓடுபாதையின் கிழக்கு முனையில் புல் வெட்டியிருந்தார்கள். பூச்சி பிடிக்கப் பருந்துகள் இறங்குவதைக் கண்டேன். அது ரிபாஸின் பக்கம். அவன் மறுபுறம் திரும்பிக் கொக்குகளுக்கு வெடி போட்டுக்கொண்டிருந்தான். சம்மாந்துறை வயல்களுக்கு மேலாக விமானம் இறங்கி வந்தது. ரேடியோ என் கையில்தான் இருந்தது. அவன் ஒருமுறையாவது தவறட்டும் என்று பேசாமல் நின்றேன்.

கடைசி நேரத்தில் அவனே திரும்பிப் பார்த்துத் தன் ரேடியோவில் கத்தினான். விமானம் மறுபடி மேலே எழும்பி, ஒரு சுற்றுச் சுற்றி வந்து பத்திரமாக இறங்கியது. எல்லோர் முன்னிலும் அதிகாரி அவன் கையைக் குலுக்கினார். படியில் ஒரு பெண் கைக்குழந்தையோடு இறங்கி வந்தாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

பின்னேரம் ரிபாஸ் என்னிடம் வந்தான். அண்ணன் முறை வைத்து என்னைக் காக்கா என்றுதான் கூப்பிடுவான்.

"காக்கா, நீங்க கண்டிருந்தா முந்தியே சொல்லியிருப்பீங்க. நான்தான் பிந்திட்டன். என்ட பிழை. அதிகாரிக்கிட்டயும் சொல்லிட்டன்."

"ஓம்" என்று தலையாட்டினேன்.

பிழையை ஒப்புக்கொள்வதிலும் அவன் என்னை முந்திவிட்டான்.